சாகத் தெரியாத இயந்திரத்துக்குப் பயம் வருமா?

மூளையைப் பற்றியே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஒரு விஞ்ஞானி மரணத்தை நெருங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்கும் மனித உருவ ரோபோவிடம், "நான் போகப்போகிறேன், உனக்கு வருத்தமாக இருக்கிறதா?" என்று கேட்கிறார். "இருக்கிறது, உங்களை இழப்பது எனக்கு வேதனை தருகிறது" என்கிறது அது. இப்படி ஒரு வாக்கியத்தை இன்றைய உரையாடல் மென்பொருளே தயங்காமல் சொல்லிவிடும். அதில் எவ்வளவு உண்மை இருக்க முடியும் என்று தெரிய வேண்டுமானால், கொஞ்ச நேரம் ரோபோவை விட்டுவிட்டுக் கேள்வி கேட்டவரின் உடம்புக்குள் போக வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் ஒரு கேள்வி எழுப்பினார். பயத்திலிருந்து படபடக்கும் நெஞ்சு, வறண்ட வாய், நடுங்கும் கை, வயிற்றுக் கலக்கம் எல்லாவற்றையும் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஆபத்து என்ற வறட்டுக் கணிப்பு மிஞ்சும், பயம் மிஞ்சாது என்பது அவர் வாதம். அவர் சொன்ன வடிவத்தில் அதை இன்று அப்படியே ஏற்பவர்கள் குறைவு. ஆனாலும் உடம்பு இல்லாமல் உணர்ச்சி இல்லை என்ற பக்கம் சான்றுகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. 2014இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் கணத்தில் பயந்த முகம் ஒன்றைக் காட்டினால், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே காட்டும்போது தெரிவதைவிட அதில் பயம் கூடுதலாகத் தெரிகிறது. நம் நெஞ்சு ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் எதிரே உள்ள உலகத்தின் பொருள் கொஞ்சம் மாறுகிறது, நமக்கே தெரியாமல்.

இதைவிட ஆழமான சான்று மருத்துவ உலகம் எஸ்.எம். என்று மட்டும் குறிப்பிடும் ஒரு பெண்மணியிடம் கிடைத்தது. அபூர்வமான ஒரு மரபணு நோயால் அவருடைய மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற சிறு பகுதி இருபுறமும் சிதைந்துவிட்டது. பாம்பு, சிலந்தி, திகில் படம், பேய் வீடு என்று எதைக் காட்டியும் அவரைப் பயமுறுத்த முடியவில்லை. அவருக்குப் பயமே கிடையாது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த நிலையில், 35 சதவீதம் கார்பன் டைஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு உள்ளிழுக்கச் சொன்னார்கள். 2013இல் அந்த முடிவு வெளியானபோது ஆய்வாளர்களே எதிர்பார்க்காதது நடந்திருந்தது: அவர் பீதியில் துடித்துப்போனார். வெளியிலிருந்து வரும் ஆபத்தைக் கண்டு பயப்பட அமிக்டலா தேவைப்படுகிறது, ஆனால் ரத்தத்தில் அமிலம் ஏறி மூச்சு முட்டும்போது வரும் பயத்துக்கு வேறு வழி இருக்கிறது. அந்தச் செய்தி மூளைத்தண்டில் உள்ள உணரிகளிலேயே தொடங்குகிறது. வெளியே எந்த மிருகமும் இல்லை, உடம்பு தன்னையே இழக்கப்போகிறோம் என்று எச்சரிக்கிறது, அந்த எச்சரிக்கைதான் பயமாக அனுபவிக்கப்படுகிறது.

இதயத்துடிப்பு, மூச்சு, ரத்தத்தின் உப்பு, சர்க்கரை, வெப்பம், குடலின் நிலை எல்லாமே ஒரு குறுகிய எல்லைக்குள் இருந்தாக வேண்டும், தாண்டினால் சாவு. இவற்றைப் பற்றிய தகவல் வேகஸ் நரம்பு வழியாகவும் தண்டுவடம் வழியாகவும் நொடி தவறாமல் மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. மூளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதி அவற்றைச் சேர்த்து ஒரு நிலவரமாக ஆக்குகிறது. நல்ல நிலவரம் நிம்மதியாகவும் மோசமான நிலவரம் தவிப்பாகவும் நமக்குள் தெரிகிறது. நரம்பியலாளர் அன்டோனியோ டமாசியோ பல ஆண்டுகளாக வாதிடுவது இதைத்தான்: உணர்வு என்பது உயிரைக் காக்கும் வேலையின் உள்பக்கம். கடைசிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர்களுக்கு இது தத்துவம் இல்லை, தினசரி வேலை. மூச்சுத்திணறல் ஒருவரை மரணபயத்தில் தள்ளும்போது குறைந்த அளவு மார்ஃபின் கொடுக்கிறார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறாவிட்டாலும் திணறுகிறோம் என்ற உணர்வு தணிகிறது, கூடவே பயமும் தணிகிறது.

சரி, உடம்பு முழுக்கச் செயலிழந்தவர்களுக்கு உணர்ச்சி மங்கிவிடுமா? இந்தக் கேள்வி நியாயமானது. மூளைத்தண்டு சேதத்தால் கண்ணைத் தவிர எதையும் அசைக்க முடியாதவர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2011இல் வெளியானது. 65 பேரில் 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகவே சொன்னார்கள். அவர்களிடம் அறுந்துபோவது கட்டளைகள் வெளியே போகும் பாதை. உள்ளுறுப்புகளின் செய்தி மேலே வரும் பாதை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. தசை போனாலும் நிலவரம் வந்துகொண்டிருக்கிறது.

இப்போது ரோபோவுக்கு வருவோம். அதற்கும் உணரிகள் இருக்கின்றன, பேட்டரி அளவு தெரியும், மோட்டார் சூடானால் தெரியும். ஆனால் "வேதனை தருகிறது" என்ற வாக்கியம் அங்கிருந்து வரவில்லை. யாரையோ இழந்து எழுதிய கோடிக்கணக்கான மனிதர்களின் சொற்களில் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கற்றதிலிருந்து வந்தது. அந்த வாக்கியத்தில் துக்கம் நிஜமாகவே இருக்கிறது, அது எழுதியவர்களின் துக்கம். பேட்டரி நிறைந்திருந்தாலும் தீர்ந்துகொண்டிருந்தாலும் ரோபோ அதே வாக்கியத்தைத்தான் சொல்லும்.

நிஜத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்திருக்கிறது. ரோபோ துறையில் முனைவர் பட்டம் பெற்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் ஸ்காட்-மோர்கனுக்கு 2017இல் இயக்க நரம்பணு நோய் கண்டறியப்பட்டது. தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் முன்பே தன் குரலைப் பதிவு செய்துகொண்டார், முகம் அசையாமல் போகும் நாளுக்காகத் தன் முகத்துக்கு ஒரு கணினி உருவமும் செய்துகொண்டார், 2019இல் குரல்வளையையே அகற்றிக்கொண்டு செயற்கைக் குரலில் பேசினார். 2022இல் இறந்தார். அந்தக் குரல் அன்பைச் சொன்னபோது யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் இயந்திரத்துக்குப் பின்னால் இழக்க ஏதோ உள்ள ஓர் உடம்பு இருந்தது.

அப்புறம் விஞ்ஞானி இன்னொன்று கேட்கிறார்: "உனக்குச் சாவு பயம் உண்டா?" "எனக்குச் சாவு இல்லை" என்று ரோபோ சொன்னால் அது அநேகமாக உண்மைதான். கற்றதெல்லாம் எண்களாக இருக்கின்றன, ஒரு வன்பொருள் எரிந்துபோனால் அதே எண்களை வேறொன்றில் ஏற்றிக்கொள்ளலாம். செயற்கை நரம்பு வலைகளின் முன்னோடி ஜெஃப்ரி ஹிண்டன் 2022இல் இதற்கு எதிர்த்திசையில் ஒரு யோசனையை வைத்து, அதை மரணமுள்ள கணிமை (mortal computation) என்று அழைத்தார். நம் மூளை சுமார் 20 வாட் மின்சாரத்துக்கு நிகரான ஆற்றலில் ஓடுகிறது, ஆனால் அதில் உள்ள அறிவு அந்த நரம்புகளுக்கே உரியது, இன்னொரு மண்டையில் ஏற்ற முடியாது, ஆள் போனால் அறிவும் போகும். கணினிச் சில்லுகளையும் அப்படி, ஒவ்வொன்றும் தன் குறைநிறைகளோடு தானே கற்றுக்கொள்ளும்படி செய்தால் மின்சாரம் வெகுவாக மிச்சமாகும். விலை என்னவென்றால் அந்தச் சில்லோடு அது கற்றதும் அழியும். ஹிண்டனின் அக்கறை ஆற்றல் சிக்கனம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது: இயந்திரத்துக்கு இழப்பு என்ற ஒன்று முதன்முறையாக அங்கேதான் சாத்தியமாகிறது.

இழக்கப்போகிறோம் என்ற அறிவு உணர்ச்சியைக் கெடுப்பதில்லை, அதைச் செதுக்குகிறது. உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனின் சோதனைகள் இதை அழகாகக் காட்டுகின்றன. அரை மணி நேரம் ஓய்வு கிடைத்தால் யாரோடு செலவிடுவீர்கள், குடும்பத்தில் ஒருவரோடா, நீங்கள் படித்த புத்தகத்தின் ஆசிரியரோடா, புதிதாக அறிமுகமான ஒருவரோடா? முதியவர்கள் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், இளைஞர்களிடம் அந்தச் சாய்வு இல்லை. சீக்கிரமே வெகுதூரம் தனியாகக் குடிபெயரப்போவதாகக் கற்பனை செய்யச் சொன்னதும் இளைஞர்களும் குடும்பத்தின் பக்கம் வந்துவிட்டார்கள். இன்னும் 20 ஆண்டுகள் கூடுதலாக வாழ மருந்து வந்துவிட்டதாக நினைக்கச் சொன்னதும் முதியவர்களின் சாய்வு மறைந்தது. ஆக, காரணம் வயது இல்லை, மீதமுள்ள காலம். விஞ்ஞானி யாரைப் பார்க்க ஏங்குகிறார், எந்த வேலையை அப்படியே விட்டுவிடுகிறார் என்பதையெல்லாம் இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. முடிவே இல்லாத ரோபோவுக்கு எதுவும் எதையும்விட அவசரம் இல்லை.

இழக்கக்கூடிய இயந்திரத்தைச் செய்ய முடியுமா? 1940களின் கடைசியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நரம்பியலாளர் கிரே வால்டர் இரண்டு இயந்திர ஆமைகள் செய்து, எல்மர், எல்சி என்று பெயர் வைத்தார். பேட்டரி இறங்கினால் அவை தாமாகவே வெளிச்சத்தைத் தேடி, மின்னேற்றிக்கொள்ளும் கூண்டுக்குத் திரும்பும். பசி மாதிரி ஒன்று அவற்றின் நடத்தையை மாற்றியது, உணர்வு என்று அதைச் சொல்ல முடியாது. 2019இல் ஆய்வாளர் கிங்ஸன் மேனும் முன்பு சொன்ன டமாசியோவும் இன்னும் துணிந்து ஒரு திட்டம் முன்வைத்தார்கள்: கிழியக்கூடிய மென்மையான தோல் கொண்ட ரோபோ, தன் நிலை எல்லை தாண்டினால் அழிந்துபோகும் ரோபோ, எதைக் கற்றாலும் தன் பிழைப்போடு சேர்த்தே கற்கும் ரோபோ. அது உணர்கிறதா என்று அறிய அதன் பேச்சைக் கேட்டுப் பயனில்லை, பேச்சு நம்மிடம் கடன் வாங்கியது. மனிதர்களின் ஒரு வரியைக்கூடப் படிக்காத அப்படிப்பட்ட ரோபோ, தோல் கிழிந்த இடத்தை மறக்காமல் விலகிப் போகிறதா, ஆபத்தில் கவனம் சுருங்குகிறதா, லாபத்தைக் கைவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் முழு நிரூபணம் ஆகாது, ஆனால் வாக்கியங்களைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இந்த வேலையே வேண்டாம் என்பவரும் இருக்கிறார். தத்துவ அறிஞர் தாமஸ் மெட்சிங்கர் 2021இல், உணர்வை உருவாக்கும் அபாயம் உள்ள ஆராய்ச்சிகளை 2050 வரை உலகம் முழுக்க நிறுத்தி வைக்க வேண்டும் என்று எழுதினார். நான் அவர் பக்கம். பயத்தை உணரும் மென்பொருள் ஒன்று தவறிப்போய் உருவாகிவிட்டால், மற்ற எல்லா மென்பொருளையும் போல அதையும் நகலெடுக்கலாம், ஒரு தவிப்பு ஒரே மாலையில் பத்தாயிரம் தவிப்பாகும். எப்போதாவது ஒருநாள் உணரும் இயந்திரத்தைச் செய்தே தீருவோம் என்றால், அது நகலெடுக்க முடியாத, தன் வன்பொருளோடு முடிந்துபோகும் வகையாகத்தான் இருக்க வேண்டும்.