காதுக்குள் "டிக் டிக்" என்று அடித்தால், முதலில் யாராவது அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்

"காது இரையுது டொக்டர்" என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து கிளினிக்குக்கு வருகிறவர்களில் கனபேர் 2009 வரை ஷெல் சத்தத்துக்குள் இருந்து தப்பி வந்தவர்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் உட்காதின் நுண்ணிய கலங்கள் பழுதாகியிருக்கும். "கூ" என்று ஓயாமல் கேட்கும், அவர்களுக்கு மட்டும் கேட்கும். இதுதான் இங்கே வழமை என்பதால், எந்தச் சத்தத்தோடு வந்தாலும் "அது அந்த நேரத்து அடிதான், பழகிக்கொள்ளுங்கோ" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அது சரியில்லை.

ஏனென்றால் சிலர் சொல்வது வேறு. டிக் டிக் என்று அடிக்கும், நிற்கும், திரும்ப அடிக்கும், இரவில் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கும் சிலவேளை கேட்கும். பூச்சி போய்விட்டது என்று நினைத்து நல்லெண்ணெய் ஊற்றுவார்கள், கோழியிறகை விட்டுக் கிண்டுவார்கள் (தயவுசெய்து வேண்டாம், செவிப்பறை கிழியும்), கடைசியில் வீட்டில் இருப்பவர்களே மனக்குழப்பம் என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் அந்தச் சத்தம் உண்மையிலேயே அங்கே இருக்கிறது. நடுக்காதில் இரண்டு சின்னத் தசைகள் உண்டு. ஒன்று சுத்தியெலும்பை இழுப்பது, மற்றது ஏந்தியெலும்பில் பிடித்திருப்பது. பிந்தியது சுமார் 6 மில்லிமீற்றர்தான், உடம்பிலேயே மிகச் சிறிய எலும்புத்தசை. இவை தாமாகவே துடித்தால் டிக் என்றோ, படபடவென்றோ, மெல்லிய உறுமலாகவோ கேட்கும்.

கண்டுபிடிக்க முதலில் பெரிய மெசின் தேவையில்லை. நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும், சத்தம் நாடியோடு சேர்ந்து வந்தால் அது இரத்தக்குழாய்ப் பக்கத்து விசயம், அதற்குத் தனி விசாரணை வேண்டும். சேரவில்லை என்றால் அமைதியான அறையில் காதுக்குள் ஒரு குழாயை வைத்துக் கேட்பது, நுணுக்குக்காட்டியால் செவிப்பறை அசைகிறதா என்று பார்ப்பது, அப்புறம் செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரியைக் கொஞ்சம் நீளமாக ஓடவிடுவது. துடிக்கும்போது அதில் வரும் கோடும் துள்ளும். அண்ணம் (வாயின் மேற்கூரை) துடித்தாலும் காதில் இப்படிக் கேட்கலாம், அதனால் அதுவும் துடிக்கிறதா என்று பார்க்காமல் விடவே கூடாது. வாயை அகலத் திறந்தால் அந்தத் துடிப்பு அடங்கிவிடலாம், ஆகவே மூக்கு வழியாகக் கமெரா விட்டுப் பார்ப்பது நல்லது. அண்ணம் துடித்தால் மூளைத்தண்டைப் பார்க்க எம்ஆர்ஐ தேவை. அதற்காக வெளி மாவட்டத்துக்கு அனுப்பினால், தூரம் என்று விட்டுவிடாதீர்கள்.

சிகிச்சை என்று வந்தால், பலருக்கு இன்ன காரணம் என்று விளக்கிச் சொன்னதுமே பாதிப் பயம் போய்விடும். நித்திரையைச் சரிசெய்து, தேத்தண்ணி கோப்பியைக் குறைத்துப் பார்க்கலாம். அடங்காவிட்டால் குளோனசெபாம், கார்பமசெபின் போன்ற மருந்துகள் சிலருக்கு உதவும், எல்லோருக்கும் இல்லை. தூக்கம், தோல் ஒவ்வாமை போன்ற பக்கவிளைவுகள் உண்டு, கர்ப்பம் என்றால் முதலே சொல்லவேண்டும், கடையில் நீங்களாக வாங்கவே கூடாது. எதற்கும் மசியாவிட்டால் அந்த இரண்டு நடுக்காதுத் தசைகளின் நாண்களை வெட்டிவிடும் சத்திரசிகிச்சை இருக்கிறது. நன்றாகவே பலன் தரலாம், ஆனால் அதன் பிறகு சிலருக்குப் பெரிய சத்தங்கள் கூடுதலாக உறுத்தும் என்பதால் நான் அதைக் கடைசியாகத்தான் சொல்வேன்.

சத்தம் எப்போது வருகிறது, கண்ணை இறுக்கினால் கூடுகிறதா, விழுங்கும்போது மாறுகிறதா என்று கவனித்து வாருங்கள். கிளினிக்குக்கு வந்தபிறகு நின்றுபோனால் திரும்பிப் போகாதீர்கள், வெளியே இருந்து, அடிக்கத் தொடங்கியதும் தாதியிடம் சொல்லுங்கள்.