டிஸ்டோனியா: தசை முறுக்கம்

நாம் நினைக்காமலே தசைகள் இறுகி, கழுத்தையோ கையையோ காலையோ ஒரு பக்கமாகத் திருகிவிடும் கோளாறு டிஸ்டோனியா. கிரேக்கத்தில் 'டிஸ்' என்றால் பிசகு, 'டோனோஸ்' என்றால் இழுவிசை. ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் 1911-இல் வைத்த பெயர் இது. ஒரே நோயாளியிடம் தசை சில சமயம் விறைத்தும் சில சமயம் தளர்ந்தும் இருந்ததால், இழுவிசையில்தான் பிசகு என்று அவர் கருதினார். உண்மையில் பிசகு மூளையின் கட்டளையில். கையை மடக்கும் தசை வேலை செய்யும்போது நீட்டும் தசை ஓய்ந்திருக்க வேண்டும். இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் மல்லுக்கு நிற்கும்.

தமிழில் இதைத் தசைப்பிடிப்பு என்று எழுதினால், இரவில் கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும் வலிதான் நினைவுக்கு வரும். வலிப்பு என்பது இன்னும் மோசம். அது காக்காய் வலிப்பு என்றே புரிந்துகொள்ளப்படும். விறைப்பு பார்க்கின்சன் நோய்க்குப் பொருந்தும். இசிவு ஓரளவு நெருங்குகிறது, ஆனால் அதில் திருகல் இல்லை. இந்த நோயின் அடையாளமே திருகல்தான் என்பதால் 'தசை முறுக்கம்' என்பது என் தேர்வு. கழுத்தில் வந்தால் கழுத்து முறுக்கம், எழுதும் கையில் வந்தால் எழுதுகை முறுக்கம் என்று கிளைச்சொற்களும் எளிதாகக் கிடைக்கின்றன.

கழுத்து முறுக்கம் உள்ள சிலர் தாடையில் ஒரு விரலை லேசாக வைத்தாலே தலை நேராகிவிடும். தள்ளுவதில்லை, தொடுவது மட்டும்தான். பார்ப்பவர்களுக்கு நடிப்பு போலத் தெரியும். இது மனநோய் என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டதற்கு இத்தகைய விசித்திரங்களும் ஒரு காரணம்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். பெரும்பாலான வகைகளை முழுதாகக் குணப்படுத்த முடியாது, கட்டுப்படுத்தலாம். அதனால் குணமாகக்கூடிய வகையா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். குமட்டலுக்குத் தரும் மெட்டோக்ளோப்ரமைடு, மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளால் சிலருக்குத் திடீரென்று கழுத்தும் தாடையும் கண்ணும் திருகிக்கொள்ளும். அதை முறிக்கும் மருந்தை ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே அடங்கிவிடும். குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை, காலையில் குறைவாகவும் மாலையில் அதிகமாகவும் இருக்கும். அதற்குக் குறைந்த அளவு லெவோடோபா கொடுத்தாலே நன்றாக நடக்கத் தொடங்கிவிடுவார்கள். உடலில் செம்பு சேரும் வில்சன் நோயாலும் முறுக்கம் வரலாம், அதையும் தவறவிடக் கூடாது.

மற்றபடி ட்ரைஹெக்ஸிஃபெனிடில், பாக்லோஃபென், குளோனசிபாம் போன்ற மாத்திரைகள் உண்டு. வாய் வறட்சி, மறதி, தூக்கம் ஆகியவை அவற்றுக்கு நாம் கொடுக்கும் விலை. ஒரே இடத்து முறுக்கத்துக்கு போட்டுலினம் நச்சு ஊசிதான் முதல் தேர்வு. லத்தீனில் 'போட்டுலஸ்' என்றால் இறைச்சி அடைத்த தொத்திறைச்சி. கெட்டுப்போன தொத்திறைச்சியால் வந்த நச்சு என்பதால் அந்தப் பெயர். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை அது தடுக்கிறது. சில நாட்களில் வேலை செய்யத் தொடங்கும், மூன்று நான்கு மாதங்களில் தேய்ந்துவிடும், மறுபடி போட வேண்டும். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கு 1960-களில் வலக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. பல பத்தாண்டுகள் இடக்கைக்கென எழுதிய இசையையே வாசித்தவர், 1990-களில் இந்த ஊசியின் உதவியோடு இரு கைகளாலும் வாசித்தார்.

இவை எதற்கும் மசியாதபோது ஆழ்மூளைத் தூண்டல். குளோபஸ் பாலிடஸ் என்ற மூளைப்பகுதியில் மெல்லிய மின்முனையை வைத்து, மார்புத் தோலுக்கடியில் உள்ள கருவியால் தூண்டுவார்கள். பார்க்கின்சன் நடுக்கத்தில் தெரிவதுபோல இதில் உடனே பலன் தெரியாது. அளவைத் திருத்தித் திருத்தி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், அதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.