தண்ணீர் கேட்கும் செம்பருத்தி, தாகத்தில் பூக்கும் காகிதப்பூ

போன ஏப்ரலில் ஊரில் ஒரு கல்யாணம். ஐந்து நாள் வீடு பூட்டிக் கிடந்தது. கிளம்பிய அவசரத்தில் மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்து படியேறினால், செம்பருத்தியின் இலைகள் ஈரத்துணி போலத் தொங்கிக் கிடந்தன. விரியாத மொட்டுகள் பச்சையாகவே தொட்டியைச் சுற்றி உதிர்ந்திருந்தன. இரண்டடி தள்ளி இருந்த காகிதப்பூ லேசாக வாடியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் காகிதப்பூவை வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு பூகூட இல்லை; பச்சைக் கொடியாக நீண்டு துணி காயவைக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று வாரம் கழித்து அதே செடியின் நுனியெல்லாம் அடர்ந்த ரோஜா நிறம். எதிர்வீட்டு அக்கா பார்த்துச் சிரித்தார். “இத்தனை நாள் தண்ணிய ஊத்தி ஊத்தியே அதைப் பூக்க விடாம வச்சிருந்தே. இப்பத்தான் அதுக்குப் புத்தி வந்திருக்கு.”

அக்கா சொன்னதில் தாவரவியல் இருக்கிறது.

முதலில் செம்பருத்தி. இதன் இலை அகலமானது, மெல்லியது. இலையில் உள்ள நுண்துளைகள் வழியாக நாள் முழுக்க நீராவி வெளியேறிக்கொண்டே இருக்கும். போன தண்ணீரை வேர் ஈடுகட்ட வேண்டும். அதோடு, ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள்தான். காலையில் விரிவது மறுநாள் மடக்கிய குடை போலச் சுருண்டு விழுந்துவிடும். தினமும் பூ வேண்டுமென்றால் தினமும் புது மொட்டு வளர வேண்டும். மொட்டு வருவதோ புதுத் தளிரின் இலைக்கக்கத்தில், அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையில். ஆக, தளிர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் பூ. தளிர் ஓடுவதற்குத் தண்ணீர் நிற்கக் கூடாது.

தண்ணீர் தட்டினால் செடி செலவைக் குறைக்கும். முதலில் கைவிடுவது மொட்டைத்தான். பூக்காம்பை உற்றுப் பார்த்தால் பூவுக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன மூட்டு தெரியும். கடும் வெயில், வறட்சி, வேரில் அடி என்று செடிக்குச் சிரமம் வரும்போது எத்திலீன் என்ற வாயு அதற்குள்ளேயே உண்டாகிறது. மாங்காயைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். அதன் தூண்டுதலால் மூட்டில் உள்ள செல்களின் பிணைப்பு இளகுகிறது, மொட்டு அப்படியே கழன்று விழுகிறது. பூச்சி கடித்ததாக நினைத்து நாம் மருந்து தெளிப்போம். மொட்டுக்குள் பூச்சி இருந்தாலும் உதிரும் என்பது உண்மைதான். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காய்ந்த மண்ணை.

காகிதப்பூவின் கதை நேர் எதிர். நாம் பூ என்று சொல்லும் அந்த வண்ணத் தாள்கள் பூவே அல்ல, பூவடி இலைகள். மூன்று வண்ண இலைகளுக்கு நடுவே மெல்லிய குழாய் போல, நுனியில் வெள்ளையாக விரிந்திருக்கும் மூன்றுதான் உண்மையான பூக்கள். ஒரு தாளைக் கிள்ளிப் பார்த்தால், பூவின் காம்பு அந்த இலையின் நடு நரம்போடு ஒட்டியே வளர்ந்திருப்பது தெரியும். அடுக்கு ரகங்களில் மட்டும் இந்தக் கணக்கு சரிவராது.

இதைவிட எனக்கு வியப்பானது இதன் முள். காகிதப்பூவின் முள்ளும் பூங்கொத்தும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன: இலைக்கக்கத்தில் இருக்கும் மொட்டில். அந்த மொட்டு முள்ளாகவும் ஆகலாம், பூங்கொத்தாகவும் ஆகலாம். எதுவாக ஆகும் என்பதில் ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்துக் கொடி வேகமாக நீளும்போது இளந்தளிர்களில் இந்த ஹார்மோன் மிகுந்திருக்கும், மொட்டு முள்ளாகிவிடும். பகல் குறுகும்போதோ, மண் காய்ந்து கொடியின் ஓட்டம் மட்டுப்படும்போதோ நிலைமை மாறும். தளிரை நீட்டுவதற்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை பூ பக்கம் திரும்பும். என் செடியில் ஆறு மாதம் நீண்ட கொடி முழுக்க முள்ளாக இருந்ததற்குக் காரணம் இப்போது புரிகிறது. நான் ஊற்றிய ஒவ்வொரு வாளித் தண்ணீரும் முள்ளாகத்தான் போயிருக்கிறது.

நம் ஊரில் தண்ணீரின் செல்வாக்கு ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சென்னையில் ஜூன் மாதத்து நீண்ட பகலுக்கும் டிசம்பர் மாதத்துக் குறும்பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். பகல் நீளம் தரும் குறிப்பு இங்கே அவ்வளவு அழுத்தமானது அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் பகல் குறையும், ஆனால் அடைமழையில் மண் சேறாகக் கிடக்கும். இரண்டும் செடியை எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும். தை பிறந்ததும் பகலும் குறைவு, மண்ணும் காய ஆரம்பிக்கும். அப்போதிலிருந்து கோடை முடிய நெடுஞ்சாலை நடுவே காகிதப்பூ பற்றி எரிவதுபோல் நிற்பது அதனால்தான்.

காகிதப்பூவின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. 1767-ல் பிரெஞ்சுக் கடற்பயணி பூகன்வில்லின் பயணத்தில் உடன் சென்ற தாவரவியலாளர் கொமெர்சோன், ரியோ டி ஜெனிரோ அருகே இதைக் கண்டு, பயணத் தலைவரின் பெயரையே வைத்து ‘பூகன்வில்லியா’ என்றார். கொமெர்சோனுக்கு உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறிய ஜான் பாரே என்ற பெண்தான் உலகைச் சுற்றிவந்த முதல் பெண். கொடியை முதலில் பறித்தது அவர்தான் என்று சொல்பவர்களும் உண்டு. செம்பருத்தியோ காட்டில் தானாக வளர்ந்து எங்கும் காணப்படாத செடி. மனிதர் கையிலேயே வளர்ந்து பழகியது. வெண்டை, பருத்தி, பூவரசு எல்லாம் அதன் உறவு. காகிதப்பூவுக்கு அந்திமந்தாரை உறவு.

உறவு வேறு என்பது நிறத்திலும் தெரியும். வீட்டிலேயே பார்க்கலாம். சிவப்புச் செம்பருத்தி இதழ்களைக் கொதிநீரில் போட்டு வடிகட்டுங்கள். அந்த நீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் பளீரென்று சிவக்கும். சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். இது ஆந்தோசயனின் நிறமியின் வேலை. இப்போது ரோஜா நிறக் காகிதப்பூவை வெதுவெதுப்பான நீரில் கசக்கி அதே எலுமிச்சையைப் பிழியுங்கள். நிறம் பெரிதாக அசையாது. காரணம், இதில் இருப்பது பீட்ரூட்டில் உள்ள பீட்டாலைன் வகை நிறமி. இரண்டு வகை நிறமியும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை. ஏன் என்பது தாவரவியலில் பழைய புதிர்.

சரி, வளர்ப்புக்கு வருவோம். செம்பருத்திக்குக் கோடையில் தினமும் தண்ணீர். உச்சிவெயிலில் கொஞ்சம் நிழல் கிடைத்தால் நல்லது. செம்மண்ணோடு மண்புழு உரமும் தேங்காய் நார்க்கழிவும் கலந்தால் ஈரம் தங்கும், ஆனால் அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. புளித்த கடலைப் புண்ணாக்கு நீரை நன்றாகத் தண்ணீர் கலந்து மாதம் இரண்டு முறை ஊற்றலாம். நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் அநேகமாக இரும்புச்சத்துப் பிரச்சினை. மண்ணில் இரும்பு இருக்கும். காரத்தன்மை மிகுந்த போர் தண்ணீரால் அது வேரால் எடுக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிடும். மழை நீர் பிடித்து ஊற்றினால் புதுத் தளிரில் வித்தியாசம் தெரியும். நுனியில் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி தெரிந்தால் அந்த நுனியையே கிள்ளி எறிந்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதுதான் என் வழக்கம்.

காகிதப்பூவுக்கு முழு வெயில் வேண்டும். அரை நிழலில் எவ்வளவு பட்டினி போட்டாலும் பூக்காது, வெறுமனே மெலியும். தொட்டி சிறியதாக இருப்பதே நல்லது. மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்து இளந்தளிர் லேசாகத் தலை சாயும் வரை பொறுத்து, அப்புறம் அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்ற வேண்டும். பொறுமை மிஞ்சினால் இலையெல்லாம் கொட்டிவிடும். தாகம் வேறு, சாவு வேறு. தொட்டி மாற்றும்போது மட்டும் ஜாக்கிரதை, இதன் வேர் மெல்லியது, மண் உதிர்ந்தால் அறுந்துபோகும். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் கவாத்து செய்தால் புதுக் கிளைகள் வரும்.

இப்போது செம்பருத்தி மாடிக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. காகிதப்பூவை எதிர்மூலையில், ரப்பர் குழாய் எட்டாத இடத்துக்கு நகர்த்திவிட்டேன். அங்கே வரை வாளி தூக்கிக்கொண்டு நடக்க எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சோம்பல். அப்போதிலிருந்து செடி அதை நம்பித்தான் பூக்கிறது.