அஜைல்: விரைவா, நெகிழ்வா?

“அஜைல்தானே, நாளைக்கே முடித்துவிடலாமே?” மென்பொருள் குழுவில் இருப்பவர்கள் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அஜைல் என்பது மென்பொருளைச் சிறு சிறு பகுதியாகச் செய்து காட்டி, கருத்துக் கேட்டு மாற்றிக்கொண்டே போகும் வேலைமுறை; வேகமாக முடிப்பது என்று அதற்குப் பொருளில்லை. ‘விரைவு முறை’ என்று தமிழாக்குவதும் இதே தவறுதான், பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

லத்தீனில் ‘அகெரே’ என்றால் செய்தல், ஓட்டுதல். மாடு ஓட்டுவதற்கும் அதே வினைதான். அதிலிருந்து ‘அகிலிஸ்’, எளிதில் அசைந்து திரும்பக்கூடியது. அதுவே ஆங்கிலத்தில் அஜைல். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் மென்பொருள் துறையினர் 17 பேர் கூடி ஒரு கொள்கை அறிக்கை எழுதியபோது இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை இவர்களுடைய முறைகளை ‘எடை குறைந்தவை’ (லைட்வெயிட்) என்றே சொல்லிவந்தார்கள். ஆங்கிலத்தில் அதற்குச் சரக்கில்லாத ஆள் என்ற தொனியும் உண்டு. யாருக்குப் பிடிக்கும்?

எதிர்முனையில் இருப்பது வாட்டர்ஃபால். தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று படிப்படியாக இறங்கும் படத்தை அமெரிக்கக் கணினி அறிஞர் வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் ஒரு கட்டுரையில் வரைந்தார். ஆனால் அந்தப் பெயரை அவர் எழுதவே இல்லை. இப்படி நேர்க்கோட்டில் போனால் ஆபத்து என்று அதே கட்டுரையில் எச்சரித்தும் இருந்தார்! பெயர் 1976இல் பெல், தேயர் இருவரின் கட்டுரையில் வந்தது. தமிழில் ‘நீர்வீழ்ச்சி முறை’ வேண்டாம், அது ஆங்கிலத்தின் நேர்ப்பெயர்ப்பு. சங்கப் பாடல்களிலேயே அருவி இருக்கிறது. அருவி முறை என்போம். விழுந்த நீர் மேலே ஏறாது என்பதும் அதில் அடங்கிவிடுகிறது.

ஒரு உள்நுழைவுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அருவி முறையில் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் என்று ஆவணத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. வாடிக்கையாளர் கண்ணால் பார்ப்பது ஆறு மாதம் கழித்து. அஜைலில் இரண்டு வாரத்தில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவார்கள். “மின்னஞ்சல் எதற்கு? கைப்பேசி எண் போதுமே” என்பார். அடுத்த இரண்டு வாரத்தில் மாறிவிடும். மொத்த வேலை சீக்கிரம் முடிந்ததா என்பது வேறு கேள்வி. மாற்றிச் செய்வதற்கான செலவு குறைந்தது, அவ்வளவுதான். தேவைகள் முன்கூட்டியே உறுதியாகிவிட்ட இடத்தில் அருவியே போதும்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? பொருளில் மிக நெருங்கி வருவது லாவகம். வடமொழி ‘லாகவம்’, அதாவது எடையின்மை, அதன் மூலம். அந்த 17 பேர் ஒதுக்கிய பொருள் நம் சொல்லில் அழகாகவே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் லாவகம் ஆளின் கைத்திறனைச் சொல்கிறது, வேலைமுறையை அல்ல. அதனால் என் தேர்வு நெகிழ்முறை. நெகிழ்குழு, நெகிழ்திட்டம் என்று கிளைவிடவும் இடம் தருகிறது. “நெகிழ்முறைதானே, நாளைக்கே முடித்துவிடலாமே” என்று யாருக்கும் வாயில் வராது.