யொன்கொமா: தமிழில் நாற்கட்டம்

ஜப்பானிய மொழியில் ‘யொன்’ என்றால் நான்கு, ‘கொமா’ என்றால் கட்டம். மேலிருந்து கீழாக அடுக்கிய நான்கு கட்டங்களுக்குள் ஒரு நகைச்சுவையைத் தொடங்கி முடித்துவிடும் சித்திரக்கதையே யொன்கொமா. ‘கொ’ குறில். ‘கோமா’ என்று நீட்டினால் அது மருத்துவமனைச் சொல்லாகிவிடும்.

கொமாவுக்கு வேறு பயன்களும் உண்டு. திரைப்படச் சுருளின் ஒற்றைப் படமும் கொமாதான், பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பு நேரமும் கொமாதான். பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாகப் படம்பிடிப்பது ‘கொமாதொரி’. 2021இல் வந்த ‘புய் புய் மோல்கார்’ அந்த வகை. கம்பளி ஃபெல்ட்டில் செய்த கினிப்பன்றிக் கார்கள், ஒரு பகுதிக்கு மூன்று நிமிடம்கூட இல்லை.

நான்கு கட்டங்களுக்கும் தனித்தனி வேலை: கி (தொடக்கம்), ஷோ (வளர்ச்சி), தென் (திருப்பம்), கெத்ஸு (முடிவு). சீன நாலடிக் கவிதையின் அமைப்பிலிருந்து வந்த முறை இது. பல்லவி, அநுபல்லவி, சரணத்துக்கு எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று தமிழிசையில் சொல்வதுண்டு. அவற்றின் நடுவே ‘திருப்பம்’ என்ற ஒன்றைச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடுகிறது: எடுப்பு, தொடுப்பு, திருப்பம், முடிப்பு.

ஓர் எடுத்துக்காட்டு. சிறுமி பூனையின் முன் தட்டை வைக்கிறாள். பூனை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மூன்றாம் கட்டத்தில், பூனை முன்னங்காலால் தட்டை அவள் பக்கம் தள்ளுகிறது. நான்காவதில் சிறுமி குனிந்து சாப்பிட, பூனை அவள் தலையைத் தடவிக் கொடுக்கிறது. எதிர்பாராதது நடப்பது மூன்றில். நான்காவது, அதை இயல்பாக ஏற்றுக்கொண்ட உலகம். கிறுக்குத்தனமும் செல்லமும் சேர்ந்த ஒரு சுவை அங்கேதான் பிறக்கிறது. புதிதாக வரைபவர்கள் திருப்பத்தை நான்காம் கட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். சிரிப்பு வரும், ஆனால் வந்த வேகத்தில் போய்விடும். பூனை திகைத்த முகம் காட்டினாலும் கெட்டுவிடும். அது சாதுவாக இருக்க இருக்கத்தான் திருப்பம் பலமாக விழும்.

நாற்கட்டத்தை அனிமேவாக, அதாவது ஜப்பானிய அசைபடமாக ஆக்கும்போது வேறொரு சிக்கல். தாளில் எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை வாசகர் தீர்மானிக்கிறார், திரையில் இயக்குநர். ஒரு நாற்கட்டத்தில் அரை மணி நேரத்தை நிரப்ப முடியாது, இழுத்தால் மூன்றாம் கட்டம் நீர்த்துவிடும். அதனால்தான் குறுகிய பகுதிகள். 1946இல் நாளிதழ் நாற்கட்டமாகத் தொடங்கிய ‘சாசாயே-சான்’, 1969 முதல் இன்றுவரை தொலைக்காட்சியில் அரை மணிக்கு மூன்று குறுங்கதைகளாக ஓடுகிறது. ‘அஸுமங்கா டையோ’ என்ற நாற்கட்டக் கதையின் அனிமேவை 2002இல் வார நாள்களில் ஐந்தைந்து நிமிடமாக ஒளிபரப்பி, வார இறுதியில் ஐந்தையும் சேர்த்துக் காட்டினார்கள். அந்த அளவு மிகப் பொருத்தம்.

தமிழில் என்ன சொல்வது? ‘துணுக்கு’ போதாது. நம் வார இதழ்த் துணுக்குகளில் வெடி கடைசி வரியில் இருக்கும், அதற்குப் பின் இறங்க இடமில்லை. ‘நான்கு சட்டகம்’ கண்ணாடி போட்ட படத்தை நினைவூட்டுகிறது. நாற்காலி, நாற்பது போல நான்கு + கட்டம் ‘நாற்கட்டம்’ ஆகும். கட்டம் என்ற சொல் படச் சதுரத்தையும் குறிக்கும், ‘இறுதிக்கட்டம்’ என்பதுபோல் நிகழ்வின் படிநிலையையும் குறிக்கும். கொமாவுக்கு வேண்டிய இரண்டு பொருளும் அதில் இருக்கின்றன. தாளில் வருவது நாற்கட்டக் கதை, திரையில் வருவது நாற்கட்ட அனிமே.