பாக்கெட் கத்தி வாங்கும் முன் உள்ளங்கையை அளந்து பாருங்கள்

கை அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, வெட்டுக்காயத்தைப் பார்த்ததுமே என்ன நடந்திருக்கும் என்று பாதி புரிந்துவிடும். இடது உள்ளங்கையிலோ இடது ஆள்காட்டி விரலின் அடியிலோ வெட்டு இருந்தால், பொருளை இடக்கையில் பிடித்துக்கொண்டு அறுக்கும்போது கத்தி வழுக்கியிருக்கிறது. வலது ஆள்காட்டி விரலின் உட்புறத்தில் குறுக்காகக் கோடு போட்டதுபோல் வெட்டு இருந்தால், அது பெரும்பாலும் மடக்குக் கத்தி. வேலை நடக்கும்போதே மடங்கி, பிடித்திருந்த விரலையே பதம் பார்த்திருக்கும்.

சென்ற ஆண்டு வந்த எலக்ட்ரீஷியன் ஒருவருக்கு இந்த இரண்டாம் வகைக் காயம். ஆன்லைனில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய கத்தி. அலகு மட்டும் 10 செ.மீ. "வயர் தோல் சீவத்தான் வாங்கினேன் சார்" என்றார். வயர் தோல் சீவுவதற்கு 2 செ.மீ. கூர் போதும். ஆனால் கையில் பெரிய கத்தி இருந்ததால், சுவரில் பதித்த பிளாஸ்டிக் பெட்டியில் ஓட்டை போட முனையை வைத்துக் குத்தி அழுத்தியிருக்கிறார். அந்தக் கத்திக்கு, விரித்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டு கிடையாது, வெறும் ஸ்பிரிங்தான். மடங்கிவிட்டது. விரலை மடக்கும் இரண்டு நாண்களும் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்றவை), ஒரு பக்க நரம்பும் போயின.

நம் ஊரில் எல்லாவற்றையும் 'நரம்பு' என்றே சொல்லிவிடுகிறோம். "நரம்பு கட் ஆயிடுச்சு" என்று வருகிறவருக்கு உண்மையில் அறுந்தது தசைநாணாக இருக்கலாம், உணர்ச்சி நரம்பாக இருக்கலாம், ரத்தக் குழாயாகவும் இருக்கலாம். கட்டைவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலின் உட்புறத்திலும் மடக்கும் நாண்கள் இரண்டு ஓடுகின்றன. விரலின் இரு ஓரங்களிலும் நரம்பும் அதையொட்டி ரத்தக் குழாயும். எல்லாம் தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்தில்தான். உள்ளங்கையின் மேல்பகுதியிலிருந்து விரலின் நடுக்கணு வரை அந்த இரண்டு நாண்களும் ஒரே குறுகலான உறைக்குள் ஓடும். அமெரிக்கக் கை அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் அந்தப் பகுதிக்கு, போர்க்களத்தில் இரு படைகளுக்கும் நடுவே கிடக்கும் ஆளில்லா நிலத்தின் பெயரை வைத்தார். அங்கே தைத்தால் நாண் உறையோடு ஒட்டிக்கொண்டு விரல் மடங்காமல் போய்விடும் என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் அஞ்சினார்கள். இன்று தைக்கிறோம். ஆனாலும் சுமார் 6 வாரம் கட்டு, அந்தக் கட்டுக்குள்ளேயே தெரபிஸ்ட் சொல்கிறபடி பயிற்சி, பளு தூக்க ஏறக்குறைய 3 மாதம். தினக்கூலிக்காரருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று நான் சொல்லத் தேவையில்லை.

கத்தியே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. என் பையிலும் ஒன்று இருக்கிறது. பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, ரயிலில் கொய்யா நறுக்க அதைவிட வசதியான சாமான் கிடையாது. அளவைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பதில்தான் என் கவலை.

கடையில் எல்லோரும் முதலில் அலகைப் பார்க்கிறார்கள். நீங்கள் கைப்பிடியைப் பாருங்கள். நான்கு விரல்களையும் சேர்த்து வைத்து, அவை உள்ளங்கையோடு சேரும் இடத்தில் குறுக்கே அளந்தால் பெரும்பாலான ஆண்களுக்கு 8 செ.மீ.க்கு அக்கம்பக்கம் வரும், பெண்களுக்கு 7 சொச்சம். கைப்பிடி இந்த அளவோ, ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகவோ இருக்க வேண்டும். அப்போதுதான் நான்கு விரலும் உட்கார இடம் கிடைக்கும். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடமில்லாத பிடி கையில் சுழலும். பிடியின் வலுவில் பெரும்பங்கு அந்த இரண்டு விரல்களிடம் இருப்பதை அவற்றில் அடிபட்ட பிறகுதான் பலர் உணர்கிறார்கள்.

மடக்குக் கத்தியில் அலகு கைப்பிடிக்குள் அடங்கியாக வேண்டும். ஆகவே கைப்பிடியை முடிவு செய்தால் அலகும் தானாக முடிவாகிவிடும்: 9 செ.மீ. கைப்பிடிக்குள் 6 முதல் 7 செ.மீ. அலகு. சுவிட்சர்லாந்தின் இபாக்கில் 1884-ல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ் கத்தி நிறுவனம். 1897-ல் அவர் பதிவு செய்த 'அதிகாரிகள் கத்தி'யின் வழிவந்தவை இன்று 58, 84, 91, 111 மி.மீ. என்று மடித்த நீளத்தை வைத்தே பிரித்துச் சொல்லப்படுகின்றன. விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை, பலருக்கும் தெரிந்த கத்தி என்பதால் ஒப்பிட வசதி. 58 என்பது சாவிக்கொத்தில் தொங்குவது. 84, 91 இரண்டும் சாதாரணக் கைக்குப் பொருந்தும். 111 நல்ல கத்திதான், ஆனால் பேன்ட் பாக்கெட்டில் கனக்கும். கனத்தால் வீட்டிலேயே விட்டுப்போகும் கத்தி அன்றாடக் கத்தி ஆகாது.

7 செ.மீ. போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு வாரம் நீங்கள் எதையெல்லாம் அறுக்கிறீர்கள் என்று கவனியுங்கள். பேக்கிங் டேப், சணல், பால் பாக்கெட், மாத்திரை அட்டை, வயர், ஆப்பிள். எதற்கும் 5 செ.மீ.க்கு மேல் கூர் தேவைப்படாது. இளநீர் சீவுவதும் கரும்பு வெட்டுவதும் அரிவாளின் வேலை.

அலகு நீள நீள ஆபத்து எப்படிக் கூடுகிறது என்பதற்குக் கதவே சாட்சி. கீல் பக்கம் தள்ளினால் கதவு அசையாது, மறுமுனையில் விரலால் தள்ளினாலே போதும். மடக்குக் கத்தியின் ஸ்பிரிங் கீல் பக்கத்தில் இருக்கிறது. ஒரே வலுவுள்ள ஸ்பிரிங் என்றால், 4 செ.மீ. அலகை மடக்க முனையில் எவ்வளவு விசை வேண்டுமோ, அதில் பாதியே 8 செ.மீ. அலகுக்குப் போதும். எலக்ட்ரீஷியனின் விரலில் வெட்டு விழுந்தது இந்தக் கணக்கில்தான். பூட்டுள்ள கத்தி இதைப் பெருமளவு தடுக்கும். பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் 1955-ல் வந்த திருகு வளையம் அந்த வேலையைத்தான் செய்கிறது. அதன் 6-ம் எண்ணுக்கு 7 செ.மீ. அலகு, 8-ம் எண்ணுக்கு 8.5. அழுத்தி வேலை செய்கிறவர்கள் பூட்டு உள்ளதையே வாங்குங்கள். மண்ணும் நாரும் சேர்ந்தால் பூட்டு சரியாக விழாது. அவ்வப்போது துடைத்து வையுங்கள். பூட்டு இருந்தாலும் குத்தும் வேலைக்கு மடக்குக் கத்தியைத் தொடாதீர்கள்.

மிகச் சிறியதிலும் ஆபத்து உண்டு. ஒரு பொங்கல் அன்று, பள்ளி ஆசிரியை ஒருவர் சாவிக்கொத்துக் கத்தியால் கரும்புத் தோலைச் சீவப்போய் வந்தார். இரண்டே விரல் பிடியில் பலம் கொடுத்து இழுத்ததில் கத்தி திரும்பி இடது கட்டைவிரலில் இறங்கியிருந்தது. சாவிக்கொத்துக் கத்தி நூல், டேப், கடித உறை, நகம் இவற்றுக்கு மட்டும். மழுங்கிய கத்தியும் இதே கேட்டைச் செய்யும். கூர் இல்லாததால் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும். சாணை பிடிக்கச் சோம்பல் படாதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவின் ஆயுத விதிகள் 2016-ன் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை விலக்கு. டெல்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை இன்னும் கடுமையானது: 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டிய பட்டன் கத்தி (பட்டனை அழுத்தினால் விரிவது) வைத்திருந்தாலே வழக்கு வரும். லண்டனில் இருக்கும் உறவினருக்குப் பரிசு வாங்குகிறீர்களா? அங்கே காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கக் கூடியது, 3 அங்குலத்துக்கு மேற்படாத கூருள்ள, பூட்டு இல்லாத மடக்குக் கத்தி மட்டுமே. விமானப் பயணத்தில் எந்த அளவானாலும் கைப்பையில் வேண்டாம், சரக்குப் பெட்டியில் போடுங்கள்.

"பாதுகாப்புக்கு எந்த அளவு சார்?" என்று கேட்கும் இளைஞர்களும் உண்டு. எந்த அளவும் வேண்டாம், தம்பி. குத்திய வேகத்தில் கத்தி எலும்பில் முட்டி நிற்க, விரல்களைத் தடுத்து நிறுத்தும் காப்பு இல்லாத பிடியில் கை முன்னோக்கி வழுக்கித் தன் கத்தியிலேயே நான்கு விரல்களின் நாண்களையும் அறுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு நான் தையல் போட்டிருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் வெட்டுப்பட்டுவிட்டால் காப்பித்தூளும் மஞ்சளும் வேண்டாம். சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள், வீங்கிய பின் கழலாது. விரலில் ரப்பர் பேண்டோ நூலோ இறுக்கிக் கட்டாதீர்கள். ரத்தம் நின்றதும் இரண்டைச் சோதியுங்கள்: விரல் நுனியின் இரு ஓரமும் தொட்டால் தெரிகிறதா, நுனிக் கணு தானாக மெல்ல மடங்குகிறதா. ஒன்று சரியில்லை என்றாலும், காயம் நெல்மணி அளவே இருந்தாலும், மேலே தோலை மட்டும் தைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். முதல் சில நாள்களுக்குள் கை அறுவை மருத்துவரைப் பாருங்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து "தையல் ஆறிடுச்சு, விரல் மட்டும் மடங்கல" என்று வருகிறவர்களுக்கு அறுந்த நாண் உள்ளங்கைக்குள் சுருங்கிப் போயிருக்கும். நேராக இணைத்துத் தைக்க முடியாமல், மணிக்கட்டிலிருந்தோ காலிலிருந்தோ வேறு நாண் எடுத்து, பலருக்கு இரண்டு கட்டமாக அறுவை செய்ய வேண்டியிருக்கிறது.