ஃபைன் கட்டிட்டேன் மேடம், ரசீது கீது

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோர்ட்டிலிருந்து சத்துவாச்சாரி ஆபீசுக்குத் திரும்பியபோது வாசல் பெஞ்சில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வயது. விரிஞ்சிபுரம் பக்கம் வீடு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. (ஆளை அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் செல்போன் கவரைக் கழற்றினான். உள்ளே நாலாக மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்து மேசைமேல் வைத்து, விரலால் நீவி விட்டான்.

"ஃபைன் அன்னிக்கே கட்டிட்டேன் மேடம். ரசீது கீது, பாருங்க."

பார்த்தேன். போலீஸ் கையில் வைத்திருக்கும் சின்ன மெஷினிலிருந்து வருகிற வழவழப்பான தாள். போன் சூட்டில் எழுத்து பாதி வெளுத்துப் போயிருந்தது. வண்டி நம்பர் தெரிந்தது. பிரிவு 183, அதாவது அதிவேகம், என்பது தெரிந்தது. ஆயிரம் ரூபாய்.

"ஃபைன் கட்டிட்டேன், அப்புறம் இன்னா?" என்ற இந்தக் கேள்வியை இந்த மாதத்தில் நான் கேட்பது இது நாலாவது முறை. பத்தொன்பது வருஷமாக வேலூரில் வாகன விபத்து வழக்கு நடத்துகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மேசையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதைவிட, சொல்ல வேண்டிய நேரம் தாண்டிப் போன பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பையனுக்கு நடந்தது இது. மாதனூர் தாண்டி நெடுஞ்சாலையில் வேகத்தை அளக்கும் போலீஸ் வண்டி அவனை நிறுத்தியது. பணத்தை போனிலேயே கட்டினான். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். 'கார்டுதானே, போன்ல போட்டோ கீது' என்று கிளம்பிவிட்டான். இரண்டு வாரம் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து தபால் வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, சாமி மாடத்தில் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தார். யாரும் பிரிக்கவில்லை. அடுத்த தபாலும் அங்கேயே போனது. முதலாவது, 'உங்கள் உரிமத்தை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது' என்று விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸ். இரண்டாவது, மூன்று மாதத்துக்கு உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது என்ற உத்தரவு.

உத்தரவு வந்த ஆறாவது வாரம், காலை ஷிப்டுக்குப் போகும்போது, சாலையைக் கடந்த ஒரு பாட்டியின்மேல் வண்டியை விட்டுவிட்டான். கையில் பால் தூக்கோடு வந்த பாட்டி. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இனி பழையபடி நடப்பாரா என்பது சந்தேகம். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, சரியாகக் கட்டியும் இருக்கிறார்கள். ஆனால் ஓட்டியவனுக்கு அந்தத் தேதியில் ஓட்டும் தகுதியே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எடுக்கப்போகும் முதல் வாதம் அதுதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எடுப்பேன். இப்படிப்பட்ட வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடுவது உண்டு. வண்டி யார் பேரில்? அப்பா பேரில். கொத்தனார் வேலை செய்கிறவர்.

இப்போது அந்த ஆயிரம் ரூபாய் ரசீதுக்கு வருகிறேன். நீங்கள் கட்டியது தண்டனைத் தொகை இல்லை. கோர்ட்டுக்குப் போகாமல் அந்தக் குற்றத்தைச் சமரசமாக முடித்துக்கொள்ளக் கட்டும் கட்டணம். மோட்டார் வாகனச் சட்டம் 200-ஆம் பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது. இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், 2019 திருத்தத்தில் அதே பிரிவில் இரண்டு விஷயங்களைச் சேர்த்தார்கள். ஒன்று, பணம் கட்டி முடித்திருந்தாலும் அது முன்பு செய்த குற்றமாகவே கணக்கில் ஏறும். அடுத்த முறை பிடிபட்டால் நீங்கள் முதல் தடவைக்காரர் இல்லை. இரண்டு, பணம் கட்டியதால் லைசென்ஸ் மீதான நடவடிக்கையிலிருந்து தப்பிக்க முடியாது. 206-ஆம் பிரிவின்படி போலீஸ் உங்கள் லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம், ரசீது கையில் இருந்தாலும் அனுப்பலாம். அங்கே 19-ஆம் பிரிவு காத்திருக்கிறது. முதல் முறை என்றால் மூன்று மாதம் நிறுத்தம். அடுத்த முறை என்றால் லைசென்ஸே ரத்து.

இது 2019-இல் திடீரென்று வந்ததும் இல்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே, அதிவேகம், சிக்னல் மீறல், குடித்துவிட்டு ஓட்டுதல், செல்போன் பேசிக்கொண்டு ஓட்டுதல், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல், அதிகப் பாரம் ஆகியவற்றுக்கு லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பத்து வருஷத்துக்கு மேலாகியும் என் முன்னால் உட்காருகிற ஒவ்வொருவரும் இதை முதல் முறையாகக் கேட்பதுபோல் முழிக்கிறார்கள்.

அதிவேகத்துக்கான அபராதத் தொகையையும் சொல்லிவிடுகிறேன். கார் போன்ற இலகு ரக வண்டிகளுக்குச் சட்டத்தில் 1000 முதல் 2000 ரூபாய். லாரி, பஸ் போன்ற நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2000 முதல் 4000. இதை டோல்கேட் கட்டணம் மாதிரி நினைக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். "மாசத்துக்கு ஒரு ஆயிரம் போனா போகுது மேடம், பிசினஸ்ல டைம்தான் முக்கியம்" என்றார் ஒருவர். லைசென்ஸ் நிறுத்தப்பட்ட காலத்தில் ஓட்டினால் 182-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த நேரத்தில் யார்மேலாவது இடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பையனின் அப்பா சாட்சி.

நேரக் கணக்கு பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிகொண்டாவிலிருந்து வேலூருக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். இருபது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுபதில் வந்தால் இருபது நிமிஷம். தொண்ணூறில் வந்தால் பதின்மூன்று நிமிஷம் சொச்சம். மிச்சம் ஏழு நிமிஷம்கூட இல்லை. அதைக் கிரீன் சர்க்கிள் நெரிசல் வாங்கிக்கொண்டு விடும்.

இன்னொரு பழக்கம் என்னை ரொம்ப வருத்தப்பட வைக்கிறது. காட்பாடி–சித்தூர் ரோட்டிலும் குடியாத்தம் ரோட்டிலும் தினமும் பார்க்கலாம். எதிரே வருகிற வண்டிக்காரர் ஹெட்லைட்டை இரண்டு முறை அணைத்துப் போடுவார். 'முன்னாடி போலீஸ் கீறாங்க' என்று அர்த்தம். உடனே இங்கே எல்லாரும் பிரேக் பிடித்து, ஹெல்மெட்டை டேங்கிலிருந்து எடுத்துத் தலையில் மாட்டி, அரை கிலோமீட்டர் நல்ல பிள்ளையாகப் போய், அந்த இடம் தாண்டியதும் மறுபடி முறுக்குவார்கள். லைட் அடித்தவர் உதவி செய்துவிட்ட திருப்தியோடு போவார். ஐயா, நீங்கள் எச்சரித்தவன் அடுத்த வளைவில் யாரை இடிக்கப் போகிறான் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த வளைவில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

'நிறுத்திப் பிடிச்சாதான் கேஸ், என்னை யாரும் நிறுத்தலையே' என்பதும் அடிக்கடி கேட்பது. நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ சேர்க்கப்பட்டது. ஸ்பீட் கன், கேமரா போன்ற கருவிகள் பதிவு செய்த குற்றத்துக்குப் பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றும், அதில் படம், அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. கருவிக்குச் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டும். உங்கள்மேல் தப்பான சலான் வந்திருக்கிறது என்று உண்மையாகவே நம்பினால் இவையெல்லாம் உங்களுக்கு உதவும். வேறொரு வண்டியின் நம்பர், மங்கலான படம், நீங்கள் ஊரிலேயே இல்லாத நாள், இப்படி வந்த வழக்குகளை நானும் நடத்தியிருக்கிறேன், ஜெயித்தும் இருக்கிறேன். ஆனால் அதை அதற்கென்று உள்ள அதிகாரியிடமும் கோர்ட்டிலும்தான் பேச வேண்டும். ரோட்டோரம் வெயிலில் நிற்கிற காவலரிடம் போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டு சட்டம் பேசுவதால் உங்கள் சலானில் ஒரு எழுத்தும் மாறாது. சீருடையில் இருப்பவர் லைசென்ஸைக் கேட்டால் காட்ட வேண்டியது 130-ஆம் பிரிவுப்படி உங்கள் கடமை. டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ செல்லாது.

வாட்ஸ்அப் என்றதும் நினைவுக்கு வருகிறது. 'நெடுஞ்சாலையில் இனி 120 போகலாம்' என்று ஒரு செய்தி இன்னமும் சுற்றுகிறது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு வேக வரம்பை உயர்த்தி அறிவிப்பு வெளியிட்டது நிஜம். அதிலும் 120 என்பது எக்ஸ்பிரஸ்வேக்கு மட்டும். அந்த அறிவிப்பையே 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நம் சென்னை–பெங்களூர் சாலையில் ஊர் ஊருக்கு, பாலத்துக்குப் பாலம் பலகை வைத்திருக்கிறார்கள். பலகையில் இருக்கிற எண் எதுவோ அதுதான் உங்களுக்கான வரம்பு.

என் துறைக்காரர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு கவலையும் உண்டு. விபத்து வழக்கின் எஃப்.ஐ.ஆர். எதை எடுத்தாலும் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற வரி இருக்கும். எல்லாவற்றிலும் இருப்பதால் படிக்கிறவர்களுக்கு அது வெறும் சடங்கு வார்த்தையாகிவிட்டது. ஆனால் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த வரியில்தான். பாதிக்கப்பட்டவரே வேகமாக வந்திருந்தால் அவர் பங்குத் தப்புக்கு இழப்பீட்டில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள். வேறு யார் தப்பும் இல்லாமல் தன் வேகத்தால் மட்டுமே ஒருவர் இறந்துபோனால்? 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு கர்நாடக வழக்கில், ஓட்டியவர் தன் சொந்தத் தப்பால் இறந்ததால் அவர் குடும்பம் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இழப்பீடு கேட்க முடியாது என்ற தீர்ப்பை உறுதி செய்தது. அந்தச் செய்தி வந்த வாரம் எனக்கு நினைவுக்கு வந்தவர்கள், கணவர் தனியாகப் போய் டிவைடரில் மோதி இறந்தபின் கைக்குழந்தையோடு என் ஆபீஸ் படியேறிய பெண்கள். அவர்களிடம் 'கேஸ் நிக்காதும்மா' என்று சொல்வது இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை.

பதினேழு வயசுப் பையனிடம் வண்டிச் சாவி கொடுக்கிற அப்பாக்களுக்குத் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு இது மட்டும்: 199-ஏ பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை உங்களுக்குத்தான். 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து, பையனுக்கு இருபத்தைந்து வயசு வரை லைசென்ஸ் கிடையாது.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வேலை இல்லை. மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் உங்கள் வண்டிக்கும் லைசென்ஸுக்கும் இப்போது பயன்படுத்துகிற போன் நம்பர் இருக்கிறதா, முகவரி சரிதானா என்று பாருங்கள். பழைய வாடகை வீட்டு முகவரிக்குப் போகிற நோட்டீஸ் உங்களுக்காகக் காத்திருக்காது. மாதம் ஒரு முறை வண்டி நம்பரைப் போட்டு சலான் பாக்கி உண்டா என்று பாருங்கள். அதையும் தளத்துக்கு நீங்களாகவே போய்ப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் 'உங்கள் சலான்' என்று வருகிற ஆப் ஃபைலைத் தொடாதீர்கள். தொட்டால் பேங்க் கணக்கு காலியாகும். லைசென்ஸை வாங்கிக்கொண்டு கொடுக்கும் ஒப்புகைச் சீட்டில் தேதி போட்டிருந்தால், அந்தத் தேதிக்குமேல் அந்தச் சீட்டை வைத்து ஓட்ட முடியாது. சீட்டு வெளுப்பதற்குள் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் விளக்கம் கேட்டால் நேரில் போங்கள். போகிறவர் சொல்வதைக் கேட்டுத்தான் உத்தரவு போட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போன அவசரம், அளவுக் கருவியில் கோளாறு என்று நியாயமான காரணம் இருந்தால் எழுதிக் கொடுங்கள். போகாதவருக்கு யாரும் எதையும் கேட்டு எழுத மாட்டார்கள். உத்தரவு வந்துவிட்டால் மூன்று மாதம் பஸ்ஸில் போங்கள். ஆம்பூருக்குப் பஸ் இல்லையா என்ன?

அந்தப் பையனின் அப்பாவை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், அந்த இரண்டு உறைகளோடு. பாட்டியைப் போய்ப் பார்த்து, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னேன். கேஸுக்காகச் சொல்லவில்லை. பையன் தலையாட்டினான். கிளம்பும்போது ரசீதை எடுத்து மறுபடி போன் கவருக்குள் வைத்தான்.

உங்கள் வீட்டிலும் காலண்டருக்குப் பின்னால், டிவி ஸ்டாண்டில், பீரோ மேல், பிரிக்காத அரசாங்க உறை ஏதாவது இருந்தால் இன்று ராத்திரியே பிரித்துப் படித்துவிடுங்கள்.